லினக்ஸில் மாடிஃபையர் கீகளின் நிலையைக் கண்காணிப்பது: தொடங்கும் முன் எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

ஒற்றைக் கையால் தட்டச்சு செய்கிறவர்களுக்கு ஸ்டிக்கி கீஸ், அதாவது ஷிஃப்ட், கண்ட்ரோல் போல மற்றக் கீயின் வேலையை மாற்றும் மாடிஃபையர் கீகளைப் பிடித்துக்கொண்டிருக்காமல் தட்டிவிட்டாலே போதும் என்கிற வசதி, எவ்வளவு பெரிய துணை என்பது அதை நம்பி வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். கண்ட்ரோலை ஒருமுறை தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்து சி தட்டினால் நகலெடுத்துவிடும். கண்ட்ரோலை இரண்டு முறை தட்டினால் அது பூட்டிக்கொள்ளும், மூன்றாவது தட்டலில்தான் விடும். ஆனால் இப்போது எந்தக் கீ அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிறது, எது பூட்டிக் கிடக்கிறது என்பது லினக்ஸின் க்னோம் டெஸ்க்டாப் திரையில் எங்குமே தெரியாது. கண்ட்ரோல் பூட்டியிருப்பது தெரியாமல் ஒரு வரி அடித்தால் பாதி ஆவணம் அழியும், சன்னல் மூடும், அச்சுப்பெட்டி திறக்கும். பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் மட்டும் எழுதுகிற என் பெரியப்பாவுக்காக, மேல்பட்டையில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், சூப்பர் (விண்டோஸ் கீ) நான்கின் நிலையையும் காட்டும் ஒரு சின்னக் குறிகாட்டி செய்ய உட்கார்ந்தேன். கேட்பதற்கு ஒரு மாலை வேலை மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் இழுத்தது. அந்த நாட்களில் வந்த கூலி வேலை ஒன்றை வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பணம் போனது போனதுதான். கோபமும் சோர்வும் மாறி மாறி வந்தன. ஏனென்றால் தகவல் எல்லாம் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது, முழுப் படத்தை யாரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. இதே வேலையில் இறங்குகிறவருக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கீபோர்டு பக்கம். ஷிஃப்ட் ஒட்டிக்கொண்ட மாதிரி நடந்தால் எல்லாரும் சொல்வது “கீபோர்டு போச்சு, புதுசு வாங்கு” என்பதுதான். வாங்கும் முன் ஈவிடெஸ்ட் என்ற கருவியை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டி, உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுத்து, சந்தேகமுள்ள கீயை அழுத்தி விட்டுப் பாருங்கள். லினக்ஸின் மையமான கர்னல் ஒவ்வொரு கீக்கும் மூன்று மதிப்புகளில் ஒன்றைத்தான் அனுப்பும்: அழுத்தினால் 1, விட்டால் 0, பிடித்துக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி 2. விட்ட உடனே 0 வந்துவிட்டால் வன்பொருளில் கோளாறு இல்லை, சிக்கல் அதற்கு மேலே எங்கோ இருக்கிறது. 0 வராமல் 2 ஓடிக்கொண்டே இருந்தால்தான் கீயில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது என்று பொருள். இடது ஷிஃப்டின் கர்னல் எண் 42, வலது ஷிஃப்ட் 54, இடது கண்ட்ரோல் 29, வலது கண்ட்ரோல் 97, இடது ஆல்ட் 56, வலது ஆல்ட் 100, இடது சூப்பர் 125, வலது சூப்பர் 126, கேப்ஸ் லாக் 58. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள், கடைசிவரை தேவைப்படும். திரையையும் கீபோர்டையும் நிரல்களோடு இணைக்கும் பழைய ஏற்பாடான எக்ஸ் (எக்ஸ்11) பக்கம் போனால் இதே எண்ணோடு 8 கூடும்: இடது ஷிஃப்ட் 50, இடது கண்ட்ரோல் 37. அதன் இடத்துக்கு வந்த வேலாண்டில், சன்னல்களை நிர்வகிக்கும் கம்பாசிட்டர் கர்னல் எண்ணை அப்படியே தரும், கீபோர்டு அமைப்பைக் கையாளும் எக்ஸ்கேபி நூலகத்துக்குக் கொடுக்கும்போது 8 கூட்டுவது நம் பொறுப்பு. இந்த எட்டை மறந்தால் நிரல் பிழை எதையும் சொல்லாது, வேறேதோ கீயை அழுத்தியதாக எடுத்துக்கொண்டு ஓடும்.

அடுத்தது எக்ஸ்11. இங்கே எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி, ஷிஃப்ட் அழுத்திய நிகழ்வு வந்தால் ஒரு மாறியை உண்மை என்று வைப்பது, விட்ட நிகழ்வு வந்தால் பொய் என்று வைப்பது. பல நிரல்களில் இந்த முறையைப் பார்க்கலாம், அவை எல்லாவற்றிலும் அது என்றாவது ஒருநாள் தவறும். காரணங்கள் மூன்று. இரண்டு ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்து ஒன்றை மட்டும் விட்டால் மாறி பொய்யாகிவிடும், ஷிஃப்ட் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். ஆல்ட்டும் டேபும் சேர்த்து அழுத்தி வேறு சன்னலுக்குப் போனால் ஆல்ட் அழுந்திய செய்தி உங்களுக்கு வரும், விட்ட செய்தி சன்னல் மாற்றியிடம் போய்விடும், உங்கள் கணக்கில் ஆல்ட் காலத்துக்கும் அழுந்தியே இருக்கும். மூன்றாவதாக ஸ்டிக்கி கீஸில் கீயை விட்ட பிறகும் மாடிஃபையர் உயிரோடு இருக்கும், அழுத்தல் விடுதலை எண்ணினால் அது தெரியவே தெரியாது. எந்தக் கீ அழுந்தியிருக்கிறது என்பது ஒரு கேள்வி, எந்த மாடிஃபையர் செயலில் இருக்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் தெரிந்தவர் எக்ஸ் சர்வரோ கம்பாசிட்டரோ மட்டும்தான். அவரைக் கேட்காமல் நாமே ஊகித்துக் கணக்கு வைக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்காது.

சரி, நிகழ்வோடு வருகிற ஸ்டேட் எண்ணையே பார்த்துவிடலாமே என்றால் அதிலும் ஒரு குழி இருக்கிறது. எக்ஸ் அனுப்பும் ஸ்டேட், அந்த நிகழ்வுக்குச் சற்று முந்தைய நிலை. ஷிஃப்டை அழுத்தும் நிகழ்வில் ஸ்டேட் 0 என்றுதான் வரும், ஏனென்றால் அழுத்துவதற்கு முன் எதுவும் இல்லை. விடும் நிகழ்வில் 1 என்று வரும், ஏனென்றால் விடுவதற்கு முன் அது அழுந்தியிருந்தது. இதை அப்படியே நம்பி விளக்கு ஏற்றினால் அழுத்தும்போது விளக்கு எரியாது, விட்ட பிறகு எரியும். எக்ஸ்ஈவி என்ற கருவியைத் திறந்து ஷிஃப்டை ஒருமுறை தட்டினால் இரண்டு வரிகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். நெறிமுறை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை வழு என்று நினைத்து, தாமதம் வைத்தும் திரும்பப் படித்தும் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

ஸ்டேட் எண்ணின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் எட்டு பிட்டுகள் மாடிஃபையர்கள்: ஷிஃப்ட் 1, லாக் 2, கண்ட்ரோல் 4, மாட்1 என்பது 8, மாட்2 என்பது 16, மாட்3 என்பது 32, மாட்4 என்பது 64, மாட்5 என்பது 128. வழக்கமான அமைப்பில் மாட்1 ஆல்ட், மாட்2 நம் லாக் (எண் பலகையின் Num Lock), மாட்4 சூப்பர், மாட்5 மூன்றாம் அடுக்கு எழுத்துக்கான ஆல்ட்ஜிஆர். வழக்கமான அமைப்பு என்று சொல்வதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், இது மாறக்கூடியது. எக்ஸ்மோட்மேப் கட்டளையை பிஎம் என்ற தெரிவோடு ஓட்டினால் உங்கள் கணினியில் எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பட்டியல் வரும். ஆல்ட்டும் மெட்டாவும் ஒரே மாட்1 வரிசையில் இருப்பதையும், சூப்பரும் ஹைப்பரும் ஒரே மாட்4 வரிசையில் இருப்பதையும் அங்கே பார்க்கலாம். அதனால்தான் சூப்பரை அழுத்தினால் சில நிரல்கள் ஹைப்பரும் அழுந்தியதாகச் சொல்கின்றன. எட்டு பிட்டுக்கு மேலே 256 முதல் 4096 வரை சுட்டியின் பொத்தான்கள். அதற்கும் மேலே 8192, 16384 ஆகிய இரண்டு பிட்டுகள் கீபோர்டின் எந்த மொழி அமைப்பு இப்போது செயலில் இருக்கிறது என்பதைச் சொல்பவை.

தமிழில் எழுதுகிறவர்களை நேராக அடிப்பது இந்தக் கடைசி இரண்டு பிட்டுகள்தான், இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. எக்ஸ்கேபியில் ஆங்கிலத்தை முதல் அமைப்பாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு மாறியதும் ஒவ்வொரு கீ நிகழ்வின் ஸ்டேட்டிலும் 8192 கூடிவிடும். கண்ட்ரோல் மட்டும் அழுத்தியிருந்தால் 4 வர வேண்டிய இடத்தில் 8196 வரும். நம் லாக்கும் எரிந்தால் 8212. ஸ்டேட் சரியாக 4 தானா என்று ஒப்பிடுகிற நிரல் ஆங்கிலத்தில் ஒழுங்காக ஓடும், தமிழுக்கு மாறிய நொடியில் செத்துப்போகும். எழுதியவர் ஆங்கில அமைப்பு மட்டும் வைத்திருந்தால் “என் கணினியில் வருகிறதே” என்பார். நம் லாக்கை மட்டும் கழித்துவிட்டுத் திருப்தி அடைகிற நிரல்கள் இன்னும் மோசம், பாதி சரியாக இருப்பதால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க அதிக நேரம் தின்னும். ஒப்பிடும் முன் உங்களுக்கு வேண்டிய பிட்டுகளை மட்டும் வடிகட்டி எடுப்பதுதான் ஒரே வழி: ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், சூப்பர் நான்கும் வேண்டுமென்றால் 1, 4, 8, 64 சேர்த்து 77. ஸ்டேட்டை 77 உடன் பிட் வாரியாக ‘அண்ட்’ செய்து, வருகிற எண்ணை ஒப்பிடுங்கள். ஜிடிகே நிரலாக இருந்தால் குறுக்குவழிகளுக்கான இயல்பான மாடிஃபையர் முகமூடியை அந்த நூலகமே ஒரு செயற்கூறாகத் தருகிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: தமிழ் இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் சி கீயை அழுத்தினால் கிடைக்கும் கீசிம் (அந்தக் கீ தரும் எழுத்தின் பெயர்) ‘ம’. அப்போது கண்ட்ரோலும் சியும் அழுத்தினால் நிரல் பார்ப்பது கண்ட்ரோலும் மவும். நல்ல டூல்கிட்கள் (சன்னல், பொத்தான் கட்டித் தரும் நூலகங்கள்) தமிழ்க் கீசிம் கிடைத்தால் பட்டியலில் உள்ள லத்தீன் அமைப்பில் அதே கீ என்ன என்று பார்த்துக்கொள்ளும். நீங்களே நேரடியாக எக்ஸ் நிகழ்வுகளைப் படிக்கிறீர்கள் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ் 99 தட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது, ஏனென்றால் ஐபஸ் எழுத்தை மாற்றுகிறதே தவிர எக்ஸ்கேபி அமைப்பு ஆங்கிலமாகவே இருக்கும். பிழை அறிக்கை எழுதும்போது நீங்கள் தமிழை எந்த வழியில் தட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள், இல்லையென்றால் மறுமுனையில் இருப்பவரால் அதைத் திரும்ப வரவைக்கவே முடியாது. எது செயலில் இருக்கிறது என்று சட்டெனப் பார்க்க எக்ஸ்செட் கட்டளையை க்யூ என்ற எழுத்தோடு ஓட்டுங்கள். எல்இடி மாஸ்க் என்ற இடத்தின் கடைசி இலக்கத்தில் கேப்ஸ் லாக் எரிந்தால் 1, நம் லாக் எரிந்தால் 2, இரண்டும் என்றால் 3 இருக்கும். இரண்டாவது மொழி அமைப்பில் இருந்தால் வலமிருந்து நான்காம் இலக்கம் 1 ஆகும்.

கீசிம்மை வைத்து மாடிஃபையரை அடையாளம் காண்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பல அமைப்புகளில் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஆல்ட்டை அழுத்தினால் வருகிற கீசிம் மெட்டா. பிறகு ஷிஃப்டை முதலில் விட்டு ஆல்ட்டை அடுத்து விட்டால் விடும் நிகழ்வு ஆல்ட் என்று வரும். மெட்டா அழுந்தியது, ஆல்ட் விடப்பட்டது என்று உங்கள் பதிவேட்டில் விழும், மெட்டா நிரந்தரமாக அழுந்தியே கிடக்கும். ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்துதான் பலர் மொழி மாற்றுகிறார்கள், ஆகவே இது நாள்தோறும் நடக்கிற சங்கதி. அழுத்தலையும் விடுதலையும் இணை சேர்ப்பதாக இருந்தால் கீயின் எண்ணான கீகோடை வைத்துச் சேருங்கள், கீசிம்மை வைத்து வேண்டாம்.

எக்ஸ்11இல் சரியான வழி எக்ஸ்கேபி நீட்சிதான். அது மாடிஃபையர் நிலையை மூன்று தட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது: கையால் பிடித்திருப்பது, அடுத்த கீக்காக மாட்டி வைத்திருப்பது, பூட்டி வைத்திருப்பது. மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது செயல்நிலை. கேப்ஸ் லாக்கும் நம் லாக்கும் பூட்டுத் தட்டில் உட்காரும். ஸ்டிக்கி கீஸில் ஒருமுறை தட்டிய கண்ட்ரோல் மாட்டல் தட்டில் உட்காரும், இரண்டு முறை தட்டினால் பூட்டுக்கு நகரும். நிலை மாறும்போது எக்ஸ்கேபி ஸ்டேட் நோட்டிஃபை என்ற நிகழ்வு வரும். இந்த நிகழ்வின் அருமை என்னவென்றால், குவியம், அதாவது தட்டுவதைப் பெறும் உரிமை, யாரிடம் இருக்கிறது, யார் கீபோர்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்காமல், கேட்டவர்கள் எல்லாருக்கும் வரும். நொடிக்குப் பல தடவை எட்டிப் பார்க்கும் வேலையே இல்லை. நிரல் தொடங்கும்போது மட்டும் ஒருமுறை நடப்பு நிலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீங்கள் தொடங்கும் முன்பே கேப்ஸ் லாக் எரிந்துகொண்டிருக்கலாம். குறுக்குவழிக்காகக் கீயைப் பிடித்து வைக்கிற நிரல் எழுதுகிறீர்களானால் இதோடு ஒன்று: நம் லாக், கேப்ஸ் லாக் இரண்டும் இருக்கும் இல்லாத நான்கு சேர்க்கைகளுக்கும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் பிடித்தால் நம் லாக் எரிந்ததும் குறுக்குவழி வேலை செய்யாது.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு வேலாண்ட் சுவர். பெரியப்பாவின் கணினி வேலாண்ட் அமர்வில் ஓடியது, என் எக்ஸ்கேபி குறிகாட்டி அங்கே, வேலாண்டுக்குள் எக்ஸ் நிரல்களை ஓட்டும் எக்ஸ்வேலாண்ட் மீது உட்கார்ந்தது. இங்கேதான் எனக்கு அதிக நாள் போனது. எக்ஸ்டெர்ம் சன்னலில் தட்டிப் பார்த்தால் குறிகாட்டி அழகாக மாறுகிறது. ஃபயர்ஃபாக்ஸுக்குப் போனால் கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டு உறைந்து நிற்கிறது. எக்ஸ்வேலாண்ட் சர்வருக்குக் கீபோர்டு செய்தி வருவதே எக்ஸ் நிரலின் சன்னல் ஒன்று குவியத்தில் இருக்கும்போதுதான். வேலாண்ட் சன்னலுக்குப் போனால் அந்தச் சர்வருக்கு ஒன்றும் தெரியாது. தவறான தகவலைத் தைரியமாகக் காட்டுகிற குறிகாட்டி, குறிகாட்டியே இல்லாததைவிட ஆபத்து. எந்தக் கருவியையும் சோதிக்கும் முன் எக்ஸ்டிஜி செஷன் டைப் என்ற சூழல் மாறியை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள். வேலாண்ட் என்று வந்தால் எக்ஸ்ஈவியும் எக்ஸ்மோட்மேப்பும் சொல்வது முழு உண்மை அல்ல. எக்ஸ்ஈவிக்குப் பதில் டபிள்யூஈவி என்ற கருவி உண்டு, எக்ஸ்கேபிசிஎல்ஐ தொகுப்பிலும் வேலாண்டுக்கான ஊடாடும் முறை இருக்கிறது. இனிமேல் எக்ஸ் அமர்வுக்கே திரும்பிவிடலாம் என்ற எண்ணமும் உதவாது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49 எக்ஸ்11 அமர்வை இயல்பாகவே அணைத்துவிட்டது.

வேலாண்ட் ஏன் இப்படி என்று கோபப்படும் முன் ஒன்றை நினைக்க வேண்டும். எக்ஸில் எந்த நிரலும் நீங்கள் தட்டும் கடவுச்சொல் உட்பட எல்லாக் கீயையும் ஒட்டுக் கேட்கலாம். வேலாண்ட் அதை அடைத்தது. குவியம் உள்ள சன்னலுக்கு மட்டும் கம்பாசிட்டர் கீ நிகழ்வுகளை அனுப்பும். சன்னலுக்குள் நுழையும்போது ஏற்கெனவே அழுந்தியிருக்கும் கீகளின் பட்டியலும், அதையடுத்து மாடிஃபையர் நிலையும் வரும். அந்த மாடிஃபையர் செய்தியில் பிடித்தது, மாட்டியது, பூட்டியது என்ற மூன்று எண்களும் மொழி அமைப்பின் எண்ணும் தயாராக இருக்கும். நிரல் அவற்றை எக்ஸ்கேபி நூலகத்தின் முகமூடி புதுப்பிக்கும் செயற்கூறில் அப்படியே போட வேண்டும். கீ வாரியாகப் புதுப்பிக்கும் செயற்கூறு கம்பாசிட்டர் எழுதுகிறவர்களுக்கானது. இரண்டையும் ஒரே நிலைப் பொருளில் கலந்தால் மாட்டல்கள் இரட்டிப்பாகி, எங்கிருந்து வந்தது என்றே தெரியாத ஷிஃப்ட் ஒன்று ஒட்டிக்கொள்ளும். குவியம் போகும் செய்தி வந்ததும் அழுந்தியிருந்த எல்லாக் கீயும் விடப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், தனித்தனி விடுதலைச் செய்தி வராது. க்யூட்டி டூல்கிட்டில் எழுதுகிறவர்கள் கவனிக்க: கீபோர்டு மாடிஃபையர்களைத் தரும் செயற்கூறு கடைசியாகக் கையாண்ட நிகழ்வின்படி பதில் சொல்லும். நேரடியாக வினவும் செயற்கூறு தனி. வேலாண்டில் அதுவும் கம்பாசிட்டர் கடைசியாகச் சொன்னதைத்தான் தர முடியும்.

அப்படியானால் கர்னலிடமே நேராகப் படித்துவிடலாம் என்று ஒரு யோசனை எல்லாருக்கும் வரும். வலையில் தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை, பயனரை இன்புட் குழுவில் சேர்த்துவிடு என்று ஒரே வரியில் முடித்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தக் குழுவில் சேர்த்த நொடி முதல் அந்தப் பயனரின் பெயரில் ஓடும் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு கீத் தட்டலையும் படிக்கலாம். வங்கிக் கடவுச்சொல்லும் அதில் அடக்கம். கட்டாயம் இந்த வழிதான் என்றால், ரூட் அனுமதியோடு ஓடும் சிறிய துணை நிரல் ஒன்றைத் தனியாக எழுதுங்கள். மேலே சொன்ன மாடிஃபையர் எண்கள் தவிர வேறு எதையும் அது வெளியே விடக்கூடாது. படிக்கிற முறையிலும் கவனிக்க நிறைய இருக்கிறது. மடிக்கணினியின் கீபோர்டும் யூஎஸ்பி கீபோர்டும் தனித்தனிச் சாதனங்கள், ஷிஃப்டை ஒன்றிலும் எழுத்தை மற்றதிலும் தட்டலாம், ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். தொடங்கும்போது ஏற்கெனவே எவை அழுந்தியிருக்கின்றன என்று கர்னலிடம் கேட்டு வாங்க ஒரு ஐஓசிடிஎல் உண்டு. வரிசை நிரம்பி வழிந்துவிட்டால் கர்னல் ‘சின் டிராப்ட்’ என்று அறிவிக்கும், அப்போது பழைய கணக்கைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே ஐஓசிடிஎல்லை மறுபடி கேட்க வேண்டும். இதை விட்டவர்களின் நிரலில்தான், கணினி சுமையில் திணறும்போது கீ ஒட்டிக்கொள்கிறது.

இவ்வளவு பாடுபட்டாலும் கர்னல் பாதை ஸ்டிக்கி கீஸுக்கு உதவாது. கர்னலுக்குத் தெரிவது விரல் எந்தக் கீயில் இருக்கிறது என்பது மட்டும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றி வைத்திருந்தால் கர்னல் கேப்ஸ் லாக் என்றே சொல்லும். தட்டிவிட்டு எடுத்த கண்ட்ரோல் மாட்டியிருப்பது அதற்குத் தெரியாது, ஏனென்றால் அந்தக் கணக்கை வைத்திருப்பது கம்பாசிட்டர். திரையில் என்ன தட்டுகிறோம் என்று பாடம் நடத்துகிறவர்கள் காட்டுவதற்கு இது போதும், ஊனத்துக்கான உதவிக்குப் போதாது. கேப்ஸ் லாக் மட்டும் தெரிந்தால் போதும் என்கிறவர்களுக்கு எந்த அனுமதியும் வேண்டாத ஒரு எளிய வழி உண்டு. எஸ்ஒய்எஸ் அடைவின் கீழ் கிளாஸ், அதன் கீழ் எல்ஈடிஎஸ் என்று போனால் கேப்ஸ்லாக் என்று முடியும் பெயருள்ள அடைவு இருக்கும். அதற்குள் இருக்கும் பிரைட்னஸ் கோப்பில் விளக்கு அணைந்திருந்தால் 0, எரிந்தால் 1. கம்பாசிட்டரே அந்த விளக்கை ஏற்றுவதால் வேலாண்டிலும் சரியாக இருக்கும். அவ்வப்போது படித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் குறை.

ஆக க்னோமில் மீதி இருப்பது ஷெல் நீட்டிப்பு, அதாவது க்னோமின் மேல்பட்டையை நடத்தும் ஷெல் நிரலுக்கு நாம் சேர்க்கும் துணை நிரல். நீட்டிப்பு கம்பாசிட்டருக்கு உள்ளேயே ஓடுவதால் உண்மை நிலை அதன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இரண்டு ஊற்றுகள் உண்டு. குளோபல் என்ற பொருளின் கெட் பாயிண்டர் செயற்கூறு சுட்டியின் இடத்தோடு மூன்றாவது மதிப்பாக மாடிஃபையர் முகமூடியையும் தருகிறது. இதில் மாறும்போது சொல்லும் ஏற்பாடு இல்லை, நாம்தான் நேரம் வைத்துக் கேட்க வேண்டும். 200 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை கேட்டால் சட்டென்று தட்டிய ஷிஃப்ட் இடையில் நழுவிவிடும். 50க்கு இறக்கினால் நழுவுவது குறையும், ஆனால் மடிக்கணினி சும்மா இருக்கும்போதும் நொடிக்கு இருபது முறை எழுந்துகொண்டிருக்கும். ஸ்டிக்கி கீஸுக்கு வேண்டியது இரண்டாவது ஊற்று. ஷெல் பயன்படுத்தும் கிளட்டர் நூலகத்தின் சீட் பொருளில் கீபோர்டு அணுகல் மாடிஃபையர் நிலை மாறியதைச் சொல்லும் சமிக்ஞை இருக்கிறது. அது மாட்டியவை, பூட்டியவை என்று இரண்டு முகமூடிகளை ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொண்டுவந்து கொடுக்கும். எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை, ஒரு மாற்றமும் நழுவாது. கேப்ஸ் லாக், நம் லாக்குக்கு அதே சீட்டின் கீமேப்பில் நிலை மாறியதைச் சொல்லும் சமிக்ஞை. நான் மாட்டியதை வெளிர் மஞ்சளிலும் பூட்டியதைச் சிவப்பிலும் காட்டினேன், நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகப் பூட்டியதற்கு அடிக்கோடும் சேர்த்தேன். பிடித்திருப்பதைக் காட்டவே இல்லை, விரலுக்கடியில் இருப்பது அவர்களுக்கே தெரியும்.

நீட்டிப்பு எழுதும்போது நேரம் தின்னும் சங்கதிகள் வேறு. வேலாண்டில் ஷெல்லை மட்டும் மறுதொடக்கம் செய்ய முடியாது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் வெளியேறி மறுபடி உள்ளே வர வேண்டும். அதைத் தவிர்க்க ஷெல்லை இன்னொரு சன்னலுக்குள் ஓட்டும் வழி உண்டு: க்னோம் 48 வரை நெஸ்டட் என்ற தெரிவு, 49 முதல் டெவ்கிட் என்ற தெரிவு. பட்டையில் பொத்தான் சரியான இடத்தில் வருகிறதா, பிழை எதுவும் விழுகிறதா என்று பார்க்க அது போதும். மாடிஃபையர் நடத்தையை மட்டும் அதில் சோதிக்காதீர்கள். சூப்பரையும் ஆல்ட் டேபையும் வெளியே இருக்கும் ஷெல் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே இருப்பதற்குப் பாதிதான் போய்ச் சேரும். 2023இல் வந்த க்னோம் 45 முதல் நீட்டிப்புகள் ஜாவாஸ்கிரிப்டின் ஈஎஸ் மாட்யூல் வடிவில் இருக்க வேண்டும், பழைய எடுத்துக்காட்டுகளை நகலெடுத்தால் ஏற்றவே ஏற்றாது. திரை பூட்டும்போது நீட்டிப்பு முடக்கப்படும், திறக்கும்போது மறுபடி இயக்கப்படும். முடக்கும் செயற்கூறில் சமிக்ஞை இணைப்புகளையும் நேரக் கடிகாரத்தையும் முழுதாக அவிழ்க்கவில்லை என்றால் ஒவ்வொரு பூட்டலுக்கும் ஒரு கடிகாரம் கூடிக்கொண்டே போகும், சாயங்காலத்துக்குள் ஷெல் இழுக்கத் தொடங்கும்.

க்னோமுக்குப் பதில் கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் இருக்கிறவர்கள் இதில் எதையும் எழுத வேண்டாம், கீ நிலையைக் காட்டும் விட்ஜெட் அதிலேயே உண்டு. இருப்பதைச் சேர்த்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஸ்டிக்கி கீஸ் தானாகவே அணைந்துபோகிறது என்ற புகாரும் கடைசியில் தீர்ந்தது. க்னோமின் கீபோர்டு அணுகல் அமைப்பில் இரண்டு கீ சேர்ந்து அழுந்தினால் ஸ்டிக்கி கீஸை அணைத்துவிடு என்ற தெரிவு இருக்கிறது, இயல்பாகவே அது செயலில் இருக்கும். வீட்டில் வேறொருவர் வந்து வழக்கம்போல் கண்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் போதும், வசதி அணைந்துவிடும். கை நடுங்கி இரண்டு கீ ஒன்றாக விழுந்தாலும் அதுவே நடக்கும். க்னோம் அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளையில் க்னோம் டெஸ்க்டாப் ஏ11ஒய் கீபோர்டு என்ற பிரிவில் ஸ்டிக்கிகீஸ் டூ கீ ஆஃப் என்பதைப் பொய் என்று வையுங்கள். ஒற்றைக் கையால் தட்டுகிறவர் வீட்டில் இதுதான் முதலில் செய்ய வேண்டியது. இந்த ஒரு வரி முன்பே தெரிந்திருந்தால் பெரியப்பாவின் எரிச்சலில் பாதி இருந்திருக்காது.

முடித்த பிறகு சோதிக்கும்போது இரண்டு ஷிஃப்டையும் பிடித்து ஒன்றை மட்டும் விட்டுப் பாருங்கள். ஆல்ட் டேப் நடுவில் எஸ்கேப் அழுத்திப் பாருங்கள். தமிழுக்கு மாறி நம் லாக்கையும் ஏற்றிவிட்டு எல்லாக் குறுக்குவழியையும் ஓட்டுங்கள். ஷிஃப்டை முதலிலும் ஆல்ட்டை அடுத்தும் அழுத்தி, விடும் வரிசையை மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்ட்ரோல் பூட்டியிருக்கும்போது திரையைப் பூட்டித் திறங்கள். கீயைப் பிடித்தபடியே யூஎஸ்பி கீபோர்டைப் பிடுங்குங்கள், கர்னல் அழுந்தியிருந்த கீகளை விட்டதாக அறிவிக்கும், உங்கள் நிரல் அதைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மெய்நிகர் கணினியிலோ தொலைமேசையிலோ சோதித்தால் வருகிற முடிவை நம்ப வேண்டாம். ஆல்ட் டேப் அடித்து அந்தச் சன்னலை விட்டு வெளியேறும்போது உள்ளே இருக்கும் கணினிக்கு ஆல்ட் விடப்பட்ட செய்தி போகாமலே நின்றுவிடக்கூடும். அப்படி ஒட்டிக்கொண்டால் மறுபடி உள்ளே போய் இரண்டு பக்கத்து ஆல்ட், கண்ட்ரோல், ஷிஃப்ட் கீகளையும் தலா ஒருமுறை தட்டி விடுங்கள், நிலை நேராகிவிடும். ஸ்டிக்கி கீஸ் உள்ளேயும் இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைத்துவிட்டுத் தட்டுங்கள், இல்லையென்றால் தட்டியதெல்லாம் மாட்டிக்கொள்ளும்.